‘ரன்’ எங்கெல்லாம் ஓடுகிறது

அன்புள்ள வாசகருக்கு,

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் உங்கள் மகளுக்கு வந்த குழப்பத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்ற கேள்விக்கு ஒரு பொது அறிவுப் புத்தகம் ‘செட்’ என்கிறது, இன்னொன்று ‘ரன்’ என்கிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். அதோடு விட்டிருந்தால் நாலு வரியில் பதில் போட்டிருப்பேன். “ஒரே சொல்லுக்கு அறுநூறு பொருள் என்றால் நம் பிள்ளைகள் எந்தக் காலத்தில் இங்கிலீஷ் படித்துக் கரையேறுவது?” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். இந்த நீளக் கடிதம் அந்த வரிக்காக.

முதலில் தேர்வு விஷயத்தை முடித்துவிடுவோம். இரண்டு புத்தகமும் அவை எழுதப்பட்ட காலத்துக்குச் சரிதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் ‘செட்’தான் முதலிடம். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். விளக்கமும் மேற்கோளுமாக ஏறக்குறைய 60,000 சொற்கள். ஒரு நாவல் அளவு! பிறகு மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலை தொடங்கி, 2000 முதல் பகுதி பகுதியாக இணையத்தில் வருகிறது. ‘எம்’ எழுத்திலிருந்து ஆரம்பித்ததால் ‘மேக்’ முதலில் திருத்தப்பட்டு ‘செட்’டை முந்தியது. அடுத்து ‘புட்’ அதை முந்தியது. 2011-இல் ‘ரன்’ வந்து எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒன்பது மாதம் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினார். மூன்றாம் பதிப்பு இன்னும் முடிந்தபாடில்லை. எனவே இந்த வரிசை மறுபடி மாறினாலும் மாறும். இப்போதைக்கு ‘ரன்’ என்றே எழுதச் சொல்லுங்கள்.

இனி அந்த 645-க்கு வருகிறேன். அதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. மூக்கு ஒழுகுவதையும் குழாயில் தண்ணீர் வருவதையும் ஆறு ஓடுவதையும் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றே சொல்வார்கள். இது ஒரு பொருளா, மூன்றா? அகராதிக்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஒன்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் கட்சி, மற்றது பிரித்துப் போடும் கட்சி. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குப் பிரித்தே ஆக வேண்டிய கட்டாயம். ஒவ்வொரு சொல்லும் எந்த நூற்றாண்டில் எந்தப் பொருளில் புழங்கியது என்று சாட்சியோடு காட்டும் வரலாற்று அகராதி அது. அதன் முதல் பதிப்புக்கு ஜேம்ஸ் மர்ரே ஆசிரியராக இருந்தபோது பல இடங்களிலிருந்தும் தன்னார்வலர்கள் பழைய நூல்களைப் படித்து, மேற்கோள்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். பத்து வருடத்தில் முடியும் என்று நினைத்த வேலை 1928-இல்தான் முடிந்தது. மர்ரே 1915-லேயே காலமாகிவிட்டார். அப்படிச் சேர்த்ததில் வழக்கொழிந்த பொருளும் உண்டு, மாலுமிகளும் வேட்டைக்காரர்களும் மட்டும் புழங்கியதும் உண்டு. இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் 645-ம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் மகளுக்கு மட்டும் எதற்கு?

ஆனால் ஒரு சின்னச் சொல் ஏன் இப்படிக் கிளைக்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். ஹார்வர்டில் இருந்த ஜார்ஜ் ஜிப்ஃப் 1945-இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: எந்தச் சொல் அதிகம் புழங்குகிறதோ அதற்குத்தான் பொருளும் அதிகம். ‘ஆக்ஸிஜன்’ எங்கே போனாலும் ஆக்ஸிஜன்தான். ‘ரன்’, ‘டேக்’, ‘புட்’, ‘செட்’ எல்லாம் எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் வருகிறவை. 1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியிலேயே ‘டேக்’குக்கு 134 பொருள் கொடுக்கப்பட்டிருக்கிறது.

‘ரன்’னின் பூர்வீகத்தைப் பார்த்தால் பாதிச் சிக்கல் அவிழும். ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் இதன் மூலச்சொல் ஆள் ஓடுவதையும் குறித்தது, தண்ணீர் ஓடுவதையும் குறித்தது. இன்றைய ஜெர்மனில் ‘ரென்னன்’ என்றால் ஓடுவது, ‘ரின்னன்’ என்றால் வழிவது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது. ஆக, காலும் தண்ணீரும் ஆரம்பத்திலிருந்தே இதில் கூட்டு. பிறகு இயந்திரங்கள் பெருகிய காலம் வந்தது. என்ஜின் ஓடியது, ரயில் ஓடியது, தறி ஓடியது. இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவன் ஆலையையும் ஓட்டலாம் அல்லவா? நிறுவனத்தை நிர்வகிப்பதற்கு ‘ரன்’ என்பது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவிய வழக்கு. அங்கிருந்து கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு வர அதிக தூரம் இல்லை.

கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ஸ்மேன் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியதால் அது ரன். சிக்ஸர் அடித்துவிட்டு மட்டையைச் சாய்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாலும் ஆறு ரன். ஓட்டம் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்னும் வேடிக்கை, வங்கியில் நடக்கும் ‘ரன்’. வங்கி முழுகப்போகிறது என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் பாய்வதற்குப் பெயர் ‘பேங்க் ரன்’. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு முன்னால் ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசை கட்டினார்கள். 1866-இல் ஓவரெண்ட் கர்னி சாய்ந்ததற்குப் பிறகு அந்த நாடு அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். படங்களைப் பார்த்தால் யாரும் ஓடவில்லை. ஆங்கிலேயர்களாயிற்றே, ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவில் சிலிகான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்கக் கேட்டு உத்தரவுகள் குவிந்தன. பெரும்பாலானவர்கள் நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டார்கள். போனிலும் கம்ப்யூட்டரிலும் முடிந்துவிட்டது. அதுவும் ‘ரன்’தான்.

“தமிழில் இப்படி ஒரு சொல் உண்டா?” என்றும் கேட்டிருந்தீர்கள், கொஞ்சம் ஏக்கத்தோடு. ஐயா, உங்கள் வீட்டுப் பேச்சை ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். படம் ஓடுது. ஃபேன் ஓடுது. கடை சுமாரா ஓடுது. இந்தச் சம்பளத்தில் குடும்பம் எப்படியோ ஓடுது. டிவியில் என்ன ஓடுது? மண்டைக்குள்ள ஏதோ ஓடுது. கேட்டதிலிருந்து கை ஓடலை, கால் ஓடலை. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போயிட்டா. இதையெல்லாம் யாரும் நமக்குப் பட்டியல் போட்டுக் கற்றுக்கொடுக்கவில்லை. கூரை ஓடும் முட்டை ஓடும் வேறு கணக்கு. அவை ஒலியில் ஒத்துப்போகும் தனிச் சொற்கள், அகராதியிலும் தனியாகத்தான் நிற்கும்.

அதற்காக ‘ரன்’ வரும் இடமெல்லாம் ‘ஓடு’ போட்டுத் தப்பிக்க முடியாது. அவர்கள் கம்பெனியை ஓட்டுகிறார்கள், நாம் நடத்துகிறோம். அவர்களுக்கு ஓட்டம், நமக்கு நடை. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலுக்கு ‘ஓடுவார்’, பிரிட்டனில் ‘நிற்பார்’, நம் ஊரிலும் நிற்பார். காய்ச்சல் அவர்களுக்கு ஓடும், நமக்கு அடிக்கும்.

மகளின் சிரமம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தனியாக நிற்கும் ‘ரன்’ அவளைப் படுத்தவில்லை, பக்கத்தில் வந்து நிற்கும் சொல்தான் படுத்துகிறது. ‘ரன் இன்டு’ என்பதைப் பாருங்கள். கார் மரத்துக்குள் ‘ரன் இன்டு’ என்றால் மோதிவிட்டது. பழைய சிநேகிதனை ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் பார்த்தேன். கடனுக்குள் என்றால் கடனாளி ஆனான். செலவு லட்சங்களுக்குள் ‘ரன்’ ஆகிறது என்றால் லட்சக்கணக்கில் போகிறது. நான்கிலும் ‘ரன் இன்டு’ அதேதான். அடுத்து வரும் மரம், சிநேகிதன், கடன், லட்சம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. ‘ரன் அவுட்’ என்றால் கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பு. அதுவே ‘பால் ரன் அவுட்’ என்றால் வீட்டில் பால் தீர்ந்துவிட்டது.

பர்மிங்ஹாமில் பேராசிரியராக இருந்த ஜான் சின்க்ளேர் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு அகராதியே செய்தார். கோபில்ட் என்று பெயர், 1987-இல் வந்தது. நிஜமாக எழுதப்பட்டதையும் பேசப்பட்டதையும் லட்சக்கணக்கான சொற்களாகக் கம்ப்யூட்டரில் சேர்த்து, எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்துத் தொகுத்தது. விளக்கமும் முழு வாக்கியமாக இருக்கும். அதற்கும் முன்னோடி ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். ஜப்பானிய மாணவர்களுக்கு எந்த வினையோடு எது வரும் என்பது பிடிபடவில்லை என்று கண்டு, அதற்கென்றே ஒரு அகராதியைச் செய்தார். அது 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு எடுத்துப் போட்டது. ‘அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ என்று நம் கடைகளில் அடுக்கியிருப்பது அதன் வாரிசுதான். நம்மைப் போல வெளியிலிருந்து கற்கிறவர்களுக்காகப் பிறந்த புத்தகம் என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம்.

ஆகவே 645 பொருள் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். மகளுக்கு ‘அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ ஒன்று வாங்கிக் கொடுங்கள். புதுப் பதிப்பு விலை அதிகமென்றால் இரண்டு பதிப்பு பழையது போதும், பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். ‘ரன்’னுக்கு விளக்கத்தை விட்டுவிட்டு, சாய்வெழுத்தில் இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். நோட்டில் ‘ரன் = ஓடு’ என்று எழுதும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தி, வாக்கியமாகவே எழுதட்டும். தமிழுக்கும் அதேபோல எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ இருக்கிறது, முதல் பதிப்பு 1992. கையில் கிடைத்தால் அதில் ‘ஓடு’, ‘போடு’, ‘அடி’ மூன்றையும் நீங்களே எடுத்துப் பாருங்கள். ‘அடி’யிலிருந்து ஆரம்பிப்பது நல்லது, வெயில், காய்ச்சல், போன், காப்பி, ஜாக்பாட் என்று நாம் அடிக்காதது எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்