இயற்கை எழுதிய ஏடுகள்

இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உலகம் இன்றினும் மிகக் குளிர்ந்திருந்தது என்று வகுப்பிற் கூறினால், மாணவர் குறித்துக்கொள்வர், பரீட்சையிலும் எழுதுவர். “அக்காலத்தில் அளந்தவர் யார்?” என்று ஒருவன் எழுந்து வினவுவானாயின், பாடத்தைத் தொடங்கிவைத்தவன் அவனே. வெப்பமானி கொண்டு அளந்த தொடர்பதிவுகளுள் மிக நீண்டது மத்திய இங்கிலாந்துக்குரியது. அதுவும் 1659 ஆம் ஆண்டிலேயே தொடங்குகின்றது. அதற்கு முற்பட்டவற்றை மரமும் பனிக்கட்டியும் சேறும் குறித்துவைத்துள்ளன. அவற்றை வாசிக்கும் முறையைக் கற்பியாது முடிபை மாத்திரம் கற்பித்தலை நாம் கல்வியென்று கொள்வதில்லை.

பாடநூல்கள் பெரும்பாலும் மரவளையத்திலே தொடங்கும். குளிர்நாட்டு மரம் கோடையில் வளர்ந்து மாரியில் ஓய்வதால் ஆண்டுக்கொரு வளையம் இடும். வறண்ட நிலத்தில் மழை மிக்க ஆண்டின் வளையம் அகன்றும், மழை குன்றிய ஆண்டின் வளையம் ஒடுங்கியும் அமையும். இதனைக் கேட்ட நம் மாணவன் வீடு சென்று பனங்குற்றியொன்றைப் பார்ப்பானாயின் ஏமாற்றமே அடைவான். பனை ஒருவித்திலைத் தாவரம். தண்டை ஆண்டுதோறும் பருக்கச் செய்யும் மாறிழையம் அதற்கில்லை. ஆகவே வளையமும் இல்லை. முன்னோர் எழுத்தையெல்லாம் ஓலையில் தாங்கிய மரம், தன் வரலாற்றைத் தண்டில் எழுதாது விட்டது! வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாய் அமைவதில்லை. தேக்கு அவற்றுக்கு விலக்கு. தேக்கங்குற்றி கிடைப்பின் அதனையே வகுப்பிற் காட்டுக.

வளையத்தை எண்ணுதல் எளிது; ஆண்டைத் துணிதல் அரிது. அமெரிக்காவின் அரிசோனாவில் டக்ளஸ் என்னும் வானியலறிஞர், சூரியகளங்கங்களின் மாற்றத்திற்கும் மழைக்கும் தொடர்புண்டோ என்று அறியவே மரங்களை ஆராயப் புகுந்தார். உயிருள்ள மரத்தின் உள்வளையங்களும், பழைய வீட்டு உத்தரங்களின் வெளிவளையங்களும் ஒத்துவரும் இடங்களைக் கண்டு, ஒன்றோடொன்று பொருத்திப் பின்னோக்கிச் சென்றார். பழங்குடி மக்களின் சிதைந்த மனைகளிற் பெற்ற மரங்களோ தனித்தொடராய் நின்றன, இடையே இணைப்பில்லை. 1929 ஆம் ஆண்டில் ஷோ லோ என்னும் ஊரிற் கிடைத்த கரிந்த உத்தரமொன்று அவ்விரு தொடர்களையும் இணைத்தது. 1276 முதல் 1299 வரை அந்நிலத்தை வருத்திய பெருவறட்சியை ஒடுங்கிய வளையங்களாய் இன்றும் காணலாம். தமிழ் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கியன்றோ பழைய நூல்களைப் பதிப்பித்தார்கள்!

பனிக்கட்டியை வாசித்தல் இதனினும் நுட்பமானது. வெப்பநிலை அதில் நேரே பதிவதில்லை. நீரில் சாதாரண ஒட்சிசனோடு சிறிதளவு பாரமான ஒட்சிசனும் உண்டு. பாரமானதைக் கொண்ட நீராவி முந்தி ஒடுங்கி வீழ்ந்துவிடும். காற்று எவ்வளவு குளிர்கின்றதோ, துருவத்தை அடையும் பனியில் அதன் பங்கு அவ்வளவு குறையும். அப்பங்கை அளந்தே குளிரை உய்த்துணர்கின்றனர். அந்தாட்டிக்காவின் டோம் சி என்னுமிடத்தில் 2004 ஆம் ஆண்டில் துளைத்து முடித்த பனித்தூண் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. எட்டு இலட்சம் ஆண்டுகளின் பதிவுடையது. அதன் குமிழிகளில் அடைபட்ட பழைய காற்றில் காபனீரொட்சைட்டு பத்திலட்சத்தில் ஏறக்குறைய 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்றைய காற்றிலோ 420 பங்குக்கும் மேல்.

துருவத்தைச் சொல்லும் ஆசிரியர் நம் நாட்டு ஓட்டன் சமவெளியை மறத்தலாகாது. ஆங்குள்ள முற்றாநிலக்கரிப் படைகளிற் புதைந்த மகரந்தமணிகள் இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைத் தருகின்றன. படையின் வயதைக் கதிர்த்தொழிற்பாட்டுக் காபன் கொண்டு துணிவர். அக்காலச் செடிகொடிகளை மகரந்தம் உணர்த்தும். பனியுகம் முற்றியிருந்த காலத்தில் தென்மேற்குப் பருவமழை தளர்ந்து அம்மலைநிலமும் வறண்டிருந்ததென்பது இவ்வாறே தெளிந்தது.

வகுப்பிற்குப் பயிற்சியொன்று கூறுவோம். நான்கு காகித நாடாக்களில் அகன்றும் ஒடுங்கியும் வருமாறு கோடுகள் வரைந்து, சில பகுதிகள் ஒன்றற்கொன்று ஒத்துவரச் செய்து, கலைத்துக் கொடுத்துப் பொருத்துவிக்க. ஒரு நாடாவில் மட்டும் ஒரு வளையத்தை வேண்டுமென்றே விட்டு வரைக. கடும் வறட்சியில் மரம் சிலவேளை வளையமே இடாது போவதுண்டு. அது எவ்வாண்டு என்பதை மற்றை மூன்றையும் கொண்டு மாணவரே கண்டுபிடிக்கட்டும்.