முன்னாள் படைவீரர் நலன்: மாவட்ட அளவில் ஒருங்கிணைப்பு

படைப்பணியிலிருந்து ஓய்வு பெறும் வீரர் பொதுவாக முதியவர் அல்லர். படைகள் இளமையுடன் விளங்க வேண்டும் என்பதற்காக, சிப்பாய் நிலையிலுள்ளோர் பெரும்பாலும் 35 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையிலேயே விடுவிக்கப்படுகின்றனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இவ்வாறு ஊர் திரும்புகின்றனர். பிள்ளைகள் பள்ளியில் பயிலும் காலம் அது. பெற்றோர் தளர்ச்சியடையும் காலமும் அதுவே. எனவே அவர்களுக்கு மற்றொரு தொழில் தேவைப்படுகிறது. மறுபுறம், கணவரை இழந்த மகளிர், உடல் ஊனமுற்றோர், ஓய்வூதியத்திற்குரிய 15 ஆண்டுப் பணியை நிறைவு செய்யாமல் திரும்பி இன்று முதுமையில் வாடுவோர் ஆகியோரும் உள்ளனர். இவர்கள் அனைவருக்கும் திட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. திட்டத்தையும் அதற்கு உரியவரையும் ஒன்று சேர்ப்பதே எஞ்சியுள்ள பெரும் பணியாகும். இப்பணி மாவட்டத்தைச் சார்ந்தது.

வாரியங்களின் அமைப்பு

முதல் உலகப் போரின்போது, 1917இல், ஆள்சேர்ப்பைக் கவனிக்க ஒரு மத்திய வாரியம் நிறுவப்பட்டது. 1919இல் அதன் இடத்தில் இந்தியப் படைவீரர் வாரியம் தோன்றியது. பணியில் இருப்போர், விடுவிக்கப்பட்டோர், உயிர் நீத்தோர் ஆகியோரின் நலன் பற்றி அரசுக்கு ஆலோசனை கூறுவது அதன் கடமை. 1951இல் கடற்படையினர், விமானப் படையினர் பெயர்களும் அதன் பெயரில் சேர்ந்தன. 1975 முதல் அது கேந்திரிய சைனிக் போர்டு என வழங்கப்படுகிறது. பாதுகாப்பு அமைச்சர் அதன் தலைவர். பாதுகாப்பு அமைச்சகத்தில் முன்னாள் படைவீரர் நலனுக்கெனத் தனித்துறை 2004இல் ஏற்படுத்தப்பட்டது.

மாநிலங்களில் ராஜ்ய சைனிக் போர்டுகளும், அவற்றின் கீழ் நாடெங்கும் 400க்கு மேற்பட்ட மாவட்ட வாரியங்களும் இயங்குகின்றன. மாவட்ட ஆட்சியர் பொதுவாக மாவட்ட வாரியத்தின் தலைவராவார். ஓய்வு பெற்ற படை அதிகாரியான நல அலுவலர் அதன் செயலாளராகப் பணிபுரிகிறார். ஆட்சியர் தலைவராக இருப்பது வெறும் மரபன்று. வருவாய், கல்வி, மருத்துவம், காவல் ஆகிய துறைகளை ஒரே மேசைக்கு அழைக்கக்கூடியவர் அவரே.

விண்ணப்பம் வராத வீடுகள்

ஒரு தரைப்படைக் குடும்பத்தின் ஆவணங்கள் எங்கெங்கு உள்ளன என்பதை நோக்கினால் ஒருங்கிணைப்பின் தேவை புலப்படும். பணி விவரங்கள் அந்தந்தப் படைப்பிரிவின் பதிவேட்டு அலுவலகத்தில் உள்ளன. ஓய்வூதிய ஆணை பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்திலிருந்து வருகிறது. மருத்துவம், 2003இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டத்தின் மருத்துவமனையில் கிடைக்கிறது. நிலத்தகராறு வட்ட அலுவலகத்தைச் சேர்ந்தது. இவை யாவும் சந்திக்கும் இடம் அந்தக் குடும்பத்தின் கைகள் மட்டுமே. அக்கைகள் தளர்ந்திருந்தால், எல்லாம் இருந்தும் ஒன்றும் கிட்டாது.

திருமணம் பணிப்பதிவேட்டில் பதிவாகாதிருத்தல், மனைவியின் பெயர் பதிவேட்டில் ஒருவிதமாகவும் ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் இருத்தல், விடுவிப்புப் புத்தகம் தொலைந்துபோதல் ஆகியவை குடும்ப ஓய்வூதியத்தைத் தடுக்கும் வழக்கமான காரணங்கள். வீரர் உயிருடன் இருக்கும்போது இவற்றைத் திருத்துவது எளிது. அவர் மறைந்த பின் அதே திருத்தத்திற்கு அவருடைய மனைவி பல மாதங்கள் அலைய நேரிடும்.

65 வயதைக் கடந்த, ஓய்வூதியமோ நிலையான வருவாயோ இல்லாத முன்னாள் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வறுமை நிவாரணத் தொகை வழங்கப்படுகிறது. 2025 நவம்பர் முதல் இது மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் இதற்கு இணையவழியே விண்ணப்பிக்க வேண்டும். எழுதப் படிக்க அறியாத எழுபது வயது மூதாட்டி தாமாகவே விண்ணப்பிப்பார் என எதிர்பார்ப்பது பொருந்தாது. ஆகவே வாரியத்தின் பணி வந்த விண்ணப்பங்களிலிருந்து தொடங்கலாகாது. வீடுகளின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும்.

மலை மாவட்டங்கள் காட்டும் வழி

உத்தராகண்டின் பௌரி, சமோலி, பித்தோராகர் போன்ற மலை மாவட்டங்களில் படைப்பணி தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது. கட்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவின் மையம் பௌரி மாவட்டத்து லான்ஸ்டவுனிலும், குமாவோன் படைப்பிரிவின் மையம் அல்மோரா மாவட்டத்து ராணிக்கேத்திலும் அமைந்துள்ளன. வேலை தேடி இளைஞர்கள் சமவெளிக்குச் சென்றுவிட்டதால், பல சிற்றூர்களில் முதியோரே எஞ்சியுள்ளனர். மாவட்டத் தலைநகர் சென்று திரும்ப ஒரு முழுநாள் ஆகும்.

இத்தகைய நிலையில், முன்னாள் வீரர் ஒருவரையே வட்டாரப் பிரதிநிதியாக அமர்த்தும் முறை பயன் தருகிறது. எவ்வீட்டில் எவர் தனித்திருக்கிறார், எவருடைய ஓய்வூதியம் நின்றுபோயிற்று என்பதை அவர் கேட்டறியத் தேவையில்லை. அவருக்கு அது தெரியும். பிற மாநிலங்களில் நல அமைப்பாளர்கள் இப்பணியைச் செய்கின்றனர். மாவட்டத்திற்கு ஓரிருவரே இருப்பின், அவர்கள் எல்லாச் சிற்றூர்களையும் எட்ட இயலாது. அங்கு ஊர்ச் சமுதாயத்தின் துணை இன்றியமையாததாகிறது.

பணிப் பகிர்வு

ஒருங்கிணைப்பு என்பது கூட்டம் கூட்டுவது மட்டுமன்று. எவர் எதைச் செய்வது என வரையறுப்பதாகும். முன்னாள் வீரர் ஒருவர் மறைந்தால், ஊராட்சி அச்செய்தியை உடனே வாரியத்திற்குத் தெரிவிக்கலாம். ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றை, நடக்க இயலாதோர் வீட்டிலேயே பெற அஞ்சலகமும் பொதுச் சேவை மையமும் உதவலாம். கல்வி உதவித்தொகைக்கும் பிரதமரின் கல்வி ஊக்கத்தொகைக்கும் உரிய மாணவரைத் தலைமை ஆசிரியரும் கல்லூரி முதல்வரும் இனங்காணலாம். படையினர் சிற்றங்காடிக்குப் பொருள் வாங்க முதியோர் வரும் நாளில், அங்கேயே ஆவணங்களைச் சரிபார்க்கலாம்.

குடும்பத்திற்குள் எழும் சிக்கல்கள் தனிக் கவனத்திற்குரியவை. 1999 கார்கில் போருக்குப் பின், உயிர் நீத்த வீரரின் இளம் மனைவிக்கும் பெற்றோருக்கும் இடையே உதவித்தொகை பற்றிய பிணக்குகள் பல இடங்களில் எழுந்தன. இரு தரப்பினரும் துயருற்றவர்களே. உறவினர் தீர்ப்பு பெரும்பாலும் இளம்பெண்ணுக்குப் பாதகமாக அமைந்துவிடும் என்பதால், நடுநிலையான சட்ட உதவி தேவை. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2025இல் படைவீரர் குடும்பங்களுக்கெனத் தொடங்கிய சட்ட உதவித் திட்டத்தை மாவட்ட வாரியங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பொதுமக்களின் பங்கு பொருளுதவியாகவும் அமைகிறது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. தனித்தனியாக இருந்த நிதிகள் 1993இல் ஒரே கொடிநாள் நிதியாக இணைக்கப்பட்டன. திரட்டிய தொகையோடு, அதனால் எவ்வகை உதவிகள் வழங்கப்பட்டன என்பதையும் அறிவித்தால் மக்களின் ஆர்வம் பெருகும்.

பெறுவோரே தருவோர்

முன்னாள் வீரர்களை உதவி பெறுவோராக மட்டுமே கருதுவது பிழை. 1982இல் டேராடூனில் முன்னாள் வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட பிராந்தியப் படையின் சுற்றுச்சூழல் பணிப்படை, சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்பட்டு மொட்டையாகிப்போன முசோரி மலைச் சரிவுகளில் மீண்டும் மரம் வளர்த்தது. ஒழுங்கும் விடாமுயற்சியும் உள்ளோரிடம் பொறுப்பை ஒப்படைத்தால் என்ன விளையும் என்பதற்கு அது சான்று. படையில் எழுத்தராகப் பணியாற்றியவர் ஒருவர், தம் ஊரிலுள்ள பத்துக் குடும்பங்களின் ஆவணங்களைச் செம்மை செய்ய வல்லவர்.

2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, நான்காண்டுப் பணி முடிந்தபின் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிலைப்பணியில் அமர்த்தப்படுவர். மற்றவர் ஓய்வூதியமின்றி ஊர் திரும்புவர். இவர்களுக்கு வேலைவாய்ப்பும் வழிகாட்டுதலும் மாவட்ட அளவிலேயே தேவைப்படும்.

ஒரு மாவட்ட வாரியத்தின் வெற்றியைத் தீர்த்துவைத்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது வழக்கம். எத்தனை வீடுகளுக்கு இன்னும் எவரும் செல்லவில்லை என்னும் எண்ணிக்கையையும் அதன் பக்கத்தில் எழுதிவைத்தல் வேண்டும். அந்த எண் ஆண்டுக்காண்டு குறைந்து வருமாயின், ஒருங்கிணைப்பு உண்மையில் நடைபெறுகிறது எனக் கொள்ளலாம்.