உபகாரச் சம்பளத்தில் அயல்நாடு செல்வோர் கவனத்திற்கு

கோலா கங்சாரிலும் சுற்றியுள்ள பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் பிறந்து, உபகாரச் சம்பளத்தோடு கடல் கடந்து படிக்கப் புறப்படும் நம் பிள்ளைகள், பின்னாளில் அந்நாட்டிலேயே நிரந்தர வசிப்பிடத் தகுதி கோரும் எண்ணமுடையவராயின், ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் பின்வருவனவற்றை நிதானமாக ஆராய்தல் அவசியம்.

1. பொதுச் சேவைத் துறையின் (ஜே.பி.ஏ.) உபகாரச் சம்பளம் பணிக்கடமையோடு வருவதாகையால், அதனை மீறி வெளிநாட்டில் தங்கிவிட்டால், பணத்தைத் திருப்பிச் செலுத்தும் பாரம் உங்களோடு ஜாமீன் நின்றவரையும் சாரும்.

2. பிரிட்டனின் செவனிங் உபகாரச் சம்பளம் பெற்றோர் தாயகம் திரும்பிக் குறைந்தது 2 ஆண்டுகள் தங்கவும், ஆஸ்திரேலியா அவார்ட்ஸ் பெற்றோர் அத்தேசத்தைவிட்டு 2 ஆண்டுகளேனும் வெளியே இருக்கவும் வேண்டும்.

3. அரசாங்கத்தின் பொருளுதவியுடன் ஜே-1 விசாவில் அமெரிக்கா செல்வோர், தாயகத்தில் 2 ஆண்டுகள் வாழும் விதியை நிறைவேற்றாமலும் முறைப்படி விலக்குப் பெறாமலும் கிரீன் கார்டு பெறுதல் சாத்தியமன்று.

4. சிங்கப்பூரின் கல்விக் கட்டண மானியமோ, பட்டம் பெற்றபின் 3 ஆண்டுகள் அங்கு வேலை செய்யக் கட்டாயப்படுத்துகிறது. ஆயினும் அவ்வேலை நிரந்தர வசிப்பிடத்திற்கு உத்தரவாதமன்று.

5. ஒப்பந்தப் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். கடமை தீர்ந்ததும், அதற்கான விடுவிப்புக் கடிதத்தை எழுத்து மூலமாகவே பெற்று, அதன்பின் விண்ணப்பியுங்கள்.