உதிரி வாங்கும் முன் ஒரு கடிதம்

சென்னை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். கார் டிக்கியில் இருந்த ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி, மூடியைத் திறந்து மேஜைமேல் வைத்திருக்கிறாய். உள்ளே ஒரு மாஸ்ஃபெட் வயிறு வெடித்துக் கிடக்கிறது. "இந்த நம்பர் எங்கே கிடைக்கும் மாமா?" என்று கேட்டிருக்கிறாய். ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இப்போது வாங்காதே. அதை மட்டும் மாற்றி ஃப்யூஸைச் சொருகினால், புதியதும் அதே இடத்தில் அதே மாதிரி வெடிக்கும். உன் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் கடைசியாகப் போனது. முதலில் போனது எது, அது ஏன் போனது என்று தெரியாமல் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணாதே. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்கான வழி.

30 ஆம்பியர் ஃப்யூஸ் போனதும் யாரோ சொன்னார்கள் என்று 40 போட்டாயாமே. இனி அந்த வேலை வேண்டாம். ஃப்யூஸ் போனது உன்னைக் காப்பாற்ற. பெரிதாகப் போட்டால் அடுத்து எரிவது போர்டு, அதற்கும் அடுத்து ஒயர். கார் ஒயர் எரிந்தால் மச்சான் என்னையும் சேர்த்துத்தான் திட்டுவார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொள். பேட்டரி கொடுப்பது 12 வோல்ட் சொச்சம்; எஞ்சின் ஓடும்போது 14 வரை போகும். அதை அப்படியே வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 20, 25 வாட்தான் சுத்தமாக எடுக்க முடியும். சப்-ஊஃபருக்கு அது போதாது. அதனால் ஆம்ப் முதலில் வோல்ட்டை உயர்த்திக்கொள்கிறது. செப்புக் கம்பி சுற்றிய வட்ட டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கிறதே, அதன் ஒரு பக்கம் மாஸ்ஃபெட்கள் இரண்டு அணியாக நிற்கும். டி.எல்.494 மாதிரி ஒரு சின்ன ஐ.சி. அந்த இரண்டு அணியையும் நொடிக்குப் பல்லாயிரம் முறை மாற்றி மாற்றி இயக்கும். ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவது போல. ஒருவர் உலக்கையைத் தூக்காமல் உரலுக்குள்ளேயே நிறுத்திவிட்டால் குத்து நின்றுபோகும். மாஸ்ஃபெட் ஒன்று ஷார்ட் ஆனால் அதுதான் கதை: பேட்டரி கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் சுற்று வழியாக நேராகக் கிரவுண்டுக்கு இறங்கும், ஃப்யூஸ் போகும். டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் டயோடுகளும் பெரிய கெபாசிட்டர்களும். அங்கே பிளஸ் 30, மைனஸ் 30 என்கிற கணக்கில் இரண்டு ரெயில் உருவாகும். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் அதை எடுத்துத்தான் ஸ்பீக்கரை ஆட்டுகின்றன.

இப்போது பின்னாலிருந்து வா. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ரெயில் உட்காரும். ரெயில் உட்கார்ந்தால் மாஸ்ஃபெட் தாங்கமுடியாமல் போகும். நீ பார்த்த வெடிப்பு இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவுட்புட் ஏன் போயிற்று? அதற்கு விடை உன் மேஜைமேல் இல்லை, டிக்கியில் இருக்கிறது. இரண்டு 4 ஓம் சப்-ஊஃபரைப் பேரலலாகச் சேர்த்து, ஆம்பின் இரண்டு சேனலையும் ஒன்றாக்கும் பிரிட்ஜில் மாட்டியதாக எழுதியிருந்தாய். பேரலலில் அது 2 ஓம். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலுக்கும் அதில் பாதி, அதாவது 1 ஓம் மாதிரி தெரியும். உன் ஆம்பின் பெட்டியிலேயே பிரிட்ஜ் என்றால் குறைந்தது 4 ஓம் என்று அச்சடித்திருக்கிறதே, போட்டோவில் தெரிகிறது.

வேலையில் இறங்கும் முன் கையில் இருக்கும் மோதிரம், வெள்ளிக் காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடு. 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் பேட்டரி பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் உலோகம் மாட்டினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரம் விரலிலேயே பழுக்கும். காரில் ஒயர் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். போர்டில் அந்தப் பெரிய கெபாசிட்டர்கள் சப்ளையை எடுத்த பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு ரெயிலுக்கும் இடையே 60 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே சிறிது நேரம் பிடித்து இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் விரல் வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் தட்டி இறக்காதே.

இனி மல்டிமீட்டரை டயோடு நிலையில் வை. முதலில் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். நடுக்காலுக்கும் மூன்றாவது காலுக்கும் இடையே 'பீப்' என்று கத்தி, எண் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் அந்த அணியில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. ஒரே அணியில் எல்லாம் பேரலலாக இருப்பதால் ஒன்று ஷார்ட் ஆனாலும் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஷார்ட் போலவே காட்டும். கழற்றித் தனியாக அளந்தால்தான் எது என்று தெரியும். அவற்றின் பக்கத்தில் வெள்ளைச் செவ்வகமாக நிற்கும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் பார். 0.22 ஓம் மாதிரி சின்ன மதிப்பு இருக்கும். ஓப்பன் ஆகியிருந்தால் அதுவும் ஒரு சாட்சி. அடுத்து ரெயில் டயோடுகள். அதற்கு அப்புறம்தான் மாஸ்ஃபெட்கள். போனவை இருக்கும் அணி முழுவதையும் கழற்றிவிடு, நல்லதையும் சேர்த்து. அடிபட்டும் அளவில் சரியாகக் காட்டுகிற ஒன்றை நம்பி விட்டால் அது பின்னால் உன்னைக் கவிழ்க்கும்.

மாஸ்ஃபெட் கேட் காலுக்குப் போகிற சின்ன ரெசிஸ்டரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மஞ்சள், ஊதா, கருப்பு என்று கோடு இருந்தால் 47 ஓம். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகும்போது பேட்டரி கரண்ட் கேட் வழியாகப் பின்னால் ஏறி இதைக் கருக்கிவிடும். அதைத் தாண்டி ஐ.சி.யின் டிரைவர் டிரான்சிஸ்டரையும் கெடுக்கும். வெளியில் நிறம் மாறாமலே உள்ளே ஓப்பன் ஆகியிருக்கும், அளந்துதான் ஆக வேண்டும். மாஸ்ஃபெட் எல்லாம் கழற்றிய நிலையில் பவர் கொடுத்து, காலியான கேட் புள்ளிகளில் வோல்ட் பார். இரண்டு அணிக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வந்தால் ஐ.சி. உயிரோடு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் செத்துக் கிடந்தால் புது மாஸ்ஃபெட் போட்டுப் பயனில்லை.

பவர் கொடு என்றேனே, நேராகப் பேட்டரியில் மாட்டிவிடாதே. பிளஸ் ஒயரில் ஹெட்லைட் பல்பு ஒன்றை, 12 வோல்ட் 55 வாட், சீரிஸில் போடு. ரிமோட் முனைக்கு 12 வோல்ட் தனியாகக் கொடுக்க மறக்காதே. அது இல்லாமல் ஆம்ப் எழுந்திருக்காது. ஸ்பீக்கர், ஆர்.சி.ஏ. எதுவும் வேண்டாம். இப்போது பல்பை மட்டும் பார். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால், கெபாசிட்டர்கள் நிரம்பிவிட்டன, எல்லாம் ஒழுங்கு என்று பொருள். எரிந்தபடியே நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது; எடுத்துவிட்டு மறுபடி அளக்க உட்கார். அந்தத் தப்புக்கு நீ கொடுக்கும் விலை பல்பின் வெளிச்சம் மட்டுமே, புது மாஸ்ஃபெட் பிழைத்துக்கொள்ளும். புது மாஸ்ஃபெட் போட்ட பிறகும், ஷார்ட் ஆன அவுட்புட்களைக் கழற்றிய நிலையிலேயே சப்ளையை மட்டும் முதலில் எழுப்பு. இரண்டு ரெயிலும் சமமாக வந்தால் பாதி வேலை முடிந்தது.

உதிரிக்கு வருகிறேன். போன அணிக்கு வேண்டியதை ஒரே நம்பரில், ஒரே லாட்டில் வாங்கு. ஐ.ஆர்.எஃப்.3205 மாஸ்ஃபெட், 2எஸ்.சி.5200 அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டிலும் போலி ஏராளமாக உலவுகிறது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் திரும்பி வந்துவிடு. சால்டர் பண்ணும்போது, அகலமான தாமிரத் தடத்தில் 25 வாட் அயர்ன் வைத்துத் தேய்த்தால் தடம்தான் பிய்யும், ஈயம் உருகாது. 60 வாட் வேண்டும். ஹீட் சிங்கில் இறுக்கும்போது பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவு. மைக்கா கிழிந்திருந்தால் மாற்று. இறுக்கிய பிறகு டிரான்சிஸ்டரின் உலோக முதுகுக்கும் பாடிக்கும் இடையே பீப் வரக் கூடாது. ஹீட் சிங்கில் பிடிக்காமல் ஓட்டிப் பார்க்கவே பார்க்காதே. உள்ளே சின்ன ப்ரீசெட் இருந்தால் திருப்பாதே. கடைசியாக ஸ்பீக்கர் முனையில் டி.சி. வோல்ட் பார், சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால்தான் ஸ்பீக்கர் மாட்டலாம்.

இவ்வளவு மெனக்கெட அது தகுதியானதா என்றும் யோசி. பெட்டியில் 1500 வாட் என்று ஒட்டியிருக்கிறார்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸை 14.4 வோல்ட்டால் பெருக்கு: 432 வாட். உள்ளே போவதே அவ்வளவு. இது ஏ.பி. வகை ஆம்ப், கிட்டத்தட்டப் பாதி சூடாகப் போய்விடும். மிஞ்சுவது 200 சொச்சம். நல்ல 200 வாட் ஆம்பைச் சரிபண்ணுவது கெட்டிக்காரத்தனம். ஆனால் போர்டு கருகிக் கரியாகி இருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் கம்பியின் வார்னிஷ் எரிந்திருந்தால், விட்டுவிடு. கருகிய போர்டின் கரியே கரண்டைக் கடத்தும். எத்தனை உதிரி போட்டாலும் நிற்காது.

சரியானதும் இரண்டு சப்-ஊஃபரையும் சீரிஸில் மாட்டு. 8 ஓம் ஆகும். சத்தம் கொஞ்சம் குறையும், ஆம்ப் நிம்மதியாக ஓடும். ஸ்பீக்கர் ஒயர் எங்காவது தகட்டில் உரசி உரிந்திருக்கிறதா என்று பாடிக்கு அளந்து பார். கிரவுண்ட் ஒயரைப் பெயிண்ட் சுரண்டிய வெற்றுத் தகட்டில் இறுக்கு. பேட்டரியிலிருந்து ஓர் அரை மீட்டருக்குள் பிளஸ் ஒயரில் ஒரு ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அளந்துவிடு. ஒவ்வொரு காலிலும் மீட்டர் காட்டிய எண்ணை ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. நினைவில் வைத்துக்கொண்டு போனில் சொல்லாதே. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, வாங்க வேண்டியதை நானே வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா