மாதிரியும் அதன் பிழையும்

நூல் சிப்பத்தின் மேலே கிடக்கும் ஒரே சிட்டத்தைப் பார்த்து நம்பர் சரியென்று ஒப்புக்கொள்ளும் நெசவாளர் இல்லை. மண் பரிசோதனைக்கும் வரப்போரத்தையும் எருக் குவித்த இடத்தையும் விலக்கி, வயலின் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்தே அனுப்புகிறோம். மனித உடலில் சேரும் நச்சுப் பொருளை அளப்பதற்கும் இம்முறையே பொருந்தும். அங்கத்தினர் குடும்பங்கள் சில பிழைப்பின் பொருட்டு வியாசர்பாடி முதலிய வடசென்னைப் பகுதிகளில் குடியேறியிருப்பதால் இதனை அறிந்திருத்தல் நலம்.

சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் அளக்கப்பட்டு, முடிவு 2009 இல் வெளியாயிற்று. 100 மில்லிலிட்டருக்குச் சராசரி 11.4 மைக்ரோகிராம், திட்ட விலக்கம் 5.3. கவலைக்குரிய எல்லையாக அப்போது அமெரிக்காவில் கொள்ளப்பட்டது 10. (2021 முதல் அங்கே ஒப்பீட்டு அளவு 3.5.)

இச்சராசரியை எவ்வளவு நம்பலாம்? திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து இரட்டித்தால், தற்செயலால் நேரும் பிழையின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். 756 பேருக்கு அது 0.4, ஆகவே உண்மைச் சராசரி 11.0க்கும் 11.8க்கும் இடைப்பட்டதெனலாம். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பராதலின் பிழை சற்றுக் கூடலாம். முப்பதே குழந்தைகளை அளந்திருந்தால் பிழை 1.9, 9.5 முதல் 13.3 வரை எதுவும் உண்மையாயிருக்கக்கூடும். எல்லையைத் தாண்டிற்றா இல்லையா என்றே சொல்ல இயலாது. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு குழந்தைகள் வேண்டும்.

எண்ணிக்கையால் தீராத பிழையும் உண்டு, அதுவே கொடிது. வியாசர்பாடியின் தெருக்கள் ஒரே தன்மையன அல்ல. லாரிகள் ஓடும் சாலையோரம் வேறு, பட்டறைச் சந்து வேறு, உள்ளடங்கிய குடியிருப்பு வேறு. பள்ளியில் மட்டும் முகாம் நடத்தினால் பள்ளிக்கு வாராத பிள்ளை விடுபடும். தாமாக வருவோரை மட்டும் அளந்தால், நோயுற்றோரே மிகுதியாக வந்திருக்கலாம். முப்பதாயிரம் பேரை அளந்தாலும் இக்கோணல் நிமிராது.

காலமும் கவனிக்கத்தக்கது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000 இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய கணக்கை இன்றைய குழந்தைக்குப் பொருத்தலாகாது. இரத்தத்து ஈயம் பெரும்பாலும் அண்மைய வாரங்களின் செய்தியையே கூறும். எலும்பில் படிந்ததோ பல்லாண்டுகள் தங்கும்.

ஆகவே அளவெடுப்போர் வரும்போது, வீடுகளின் முழுப் பட்டியல் உண்டா, அதிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்தார்களா, மறுத்தோர் எத்தனை பேர் என்று அங்கத்தினர் கேட்கலாம். கதவு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவது வழக்கமான குறுக்குவழி. தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பம் இதனால் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அவ்வீட்டுக்கு மாலையில் மறுபடியும் செல்லவேண்டும்.