மகவிழந்தோர் பாட்டு

இரங்கற்பா என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சிற் பாரியும் கோப்பெருஞ்சோழனுமே தோன்றுவர். வேந்தனோ வள்ளலோ மாய்ந்தக்கால் அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்திப் பாடுவதைக் கையறுநிலை என்று நூலோர் வகுத்தனர். 1894-இல் உ. வே. சாமிநாதையரவர்கள் புறநானூற்றைப் பதிப்பித்தபின் அத்துறைப் பாடல்களின் அருமை யாவர்க்கும் விளங்கிற்று. ஆயின், பால்மணம் மாறாத குழவி இறந்தக்கால் அதற்கெனப் பாடியவர் யார்? வள்ளலிடம் பரிசில் பெற்ற நன்றி புலவனைப் பாடுவிக்கும். குழவியோ யார்க்கும் பரிசில் நல்கியதன்று.

புறநானூற்றின் 74-ஆம் பாட்டில் இறந்த குழவியைப் பற்றிய குறிப்பொன்று உண்டு. சோழன் சிறையிலிருந்த சேரமான் கணைக்காலிரும்பொறை பாடியது அது. குழவி இறப்பினும், உருவமற்ற தசைப்பிண்டமாகப் பிறப்பினும், அதனை ஆளன்று என்று விடாது வாளாற் பிளந்தடக்கும் மறக்குடி வழக்கத்தை அப்பாட்டு கூறும். அங்கே பேசப்படுவது அரசனது மானமேயாம். அக்குழவிக்குத் துளிக் கண்ணீரும் சிந்தப்படவில்லை என்பது எளியேன் கருத்து.

நிற்க. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் காப்பு முதலில் நிற்பதை நோக்குமின். செங்கீரைக்கும் தாலுக்கும் முன்னரே, குழவியைக் காக்குமாறு கடவுளரை வேண்டுகின்றார் புலவர். மகிழ்ச்சிக்கெனவே அமைந்த அந்நூல் வகையிலும் இழப்பச்சம் வாயிற்படியிலேயே நிற்கின்றது.

ஏட்டில் ஏறாத அழுகையைப் பெண்டிர் ஒப்பாரியில் வைத்துக் காத்தனர். தாலாட்டிய குரலே ஒப்பாரியும் சொல்லும். முதியோர் இறந்தால் அவர் ஆண்டதும் அளித்ததும் எடுத்துரைத்து அழலாம். சிறுமகவுக்கோ சொல்லியழ நடந்தவை சிலவே. ஆதலின் தாய் நடவாதவற்றையே சொல்லி அழுவாள்: ஏறாத பள்ளிப்படி, சூடாத மணமாலை. மகப்பறிகொடுத்தார் ஒப்பாரி ஏனையவற்றினும் நெஞ்சை அறுப்பதற்கு இதுவே காரணம் போலும்.

அவ்வழுகை ஒரு முழுக்கதையாக நீண்டாற் போன்றது நல்லதங்காள் கதை. எம் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் உண்டு. மானாமதுரையிற் பன்னீராண்டு மழை பொய்த்ததாம். மக்கள் எழுவருடன் தமையன் நல்லதம்பி வீட்டை நாடி வந்தாள். தமையன் இல்லாத வேளையில் அண்ணி மூளியலங்காரி இழிவுசெய்து பட்டினியிட, மனமுடைந்து மக்களைக் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்தாள். பெரிய எழுத்துப் பதிப்பாகத் தெருக்கடைகளில் விற்ற இந்நூலைப் புகழேந்திப் புலவர் தலையில் ஏற்றுவர்; நளவெண்பாப் பாடிய கை இஃதன்று என்பதை நடையே காட்டும். எனினும் ஓரிடத்தில் எந்தப் பெருங்காப்பியத்திற்கும் இது தாழ்ந்ததன்று. மூத்த மகன் தன்னையேனும் விட்டுவிடுமாறு தாயிடம் மன்றாடி ஓடுகின்றான். சாகும் சிறுவனுக்கு வாய் கொடுத்துப் பேசவைத்த பெருமை இக்கதைக்கு உண்டு. மாண்டோர் சிவனருளால் எழுந்தனர் என்று முடிப்பாரும் உளர். கேட்டார் நெஞ்சில் நிலைப்பது கிணறே.

மழை பொய்த்தல் எம் நாட்டிற் பிறிதொரு கதைக்கும் தோற்றுவாயாயிற்று. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டு, அடுத்த ஆண்டு சிவகாசியில் அதனைத் தொடங்கினர். பயிருக்குப் பகையான வறட்சி, குச்சியும் மருந்தும் உலர்வதற்கு நட்பாயிற்று. பட்டாசுத் தொழிலும் பின்னர் வளர்ந்தது. அத்தொழில்கள் பல்லாயிரம் வீடுகளில் உலையேற்றின. இதனை மறுப்பார் இலர். சிறு விரல்களும் அவ்வேலைக்கு அழைக்கப்பட்டமையே துன்பம்.

1991-இல் மீனம்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் மாண்டோர் 39 பேர் என்று மாநில அரசு உச்சநீதிமன்றத்திற்குத் தெரிவித்தது. சிறார் பலர் மாண்டனர் என்ற செய்தி கண்டு அந்நீதிமன்றம் தானே அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. எம். சி. மேத்தா தொடுத்த அவ்வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்புப் பிறந்தது. இடர்மிகு தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு சிறாருக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்துக என்றது. தீர்ப்பு வேண்டற்பாலதே. ஆயினும் 39 என்பது எண். எண்ணுக்கு யாரும் ஒப்பாரி சொல்வதில்லை. மத்தேயு சுவிசேஷத்திலும் பெத்லகேம் குழந்தைகளைக் கொல்வித்த ஏரோதின் பெயர் உண்டு, குழந்தைகளின் பெயர் இல்லை. ராகேலின் அழுகையே அவர்களுக்கு அடையாளமாக நிற்கின்றது.

கீதகோவிந்தத்தைச் செருமன் மொழியிற் பெயர்த்த ரூக்கர்ட் என்னும் புலவர், 1833, 1834 ஆகிய ஆண்டுகளுக்கிடையே இரு மக்களை இழந்து 428 பாடல்கள் எழுதினார். அவர் இறந்தபின், 1872-இல், அவை நூலாயின. எம்மூர்த் தாயருக்கு அவ்வாறு எழுதிவைக்கும் வாய்ப்பில்லை. பாட்டு அவர் தொண்டையிலேயே இருக்கின்றது. விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள் அதனைக் கேட்டு எழுதிவரலாம். எனினும் சாவில்லாத வீட்டில் ஒப்பாரி சொல்லுதல் தீது என்று மூதாட்டியர் மறுப்பர். அவரை வற்புறுத்தலாகாது, ஊர்ப்புறத்து மரத்தடியிலோ, வீட்டுக்கு வெளியிலோ, அவராக மனமிரங்கும் வரை அருகமர்ந்து காத்திருத்தல் வேண்டும்.