எந்த டிவிஷன் என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. நம் பக்கத்துப் பல்கலைக்கழகம் முறையாகக் கால்பந்தைத் தொடங்கலாமா? தொடங்கினால் எந்த டிவிஷனில் ஆட வேண்டும்? கபடி என்றால் ஊரே திரளும் புதுச்சத்திரம் பக்கத்திலிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். கட்டாயம் தொடங்க வேண்டும் என்பது முதல் கேள்விக்கு என் பதில். இருப்பதிலேயே கீழ்ப்படியில் என்பது இரண்டாவதற்கு. ஏன் என்று சொல்கிறேன்.

பல்கலைக்கழக அணி என்ற ஒன்று நம்மிடம் இல்லாமல் இல்லை. இணைப்புக் கல்லூரிகளை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களில் வழக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். வருடத்துக்கு ஒருமுறை இன்டர் காலேஜியேட் நடக்கும். நாக்-அவுட் முறை என்பதால் முதல் ஆட்டத்தில் தோற்ற கல்லூரி அன்று மாலையே பஸ் ஏறிவிடும். நன்றாக ஆடிய பையன்களைத் தேர்ந்தெடுத்து, கொஞ்ச நாள் கேம்ப் போட்டு, தென்மண்டலப் போட்டிக்கு ரயிலில் அனுப்புவார்கள். அங்கும் தொடக்கச் சுற்றுகள் நாக்-அவுட்தான். தோற்றுத் திரும்பினால் அந்த வருடத்துப் பல்கலைக்கழகக் கால்பந்து முடிந்தது. சட்டை இருக்கிறது, பெயர் இருக்கிறது. ஆடுவதற்கு ஆட்டங்கள்தான் இல்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் நெடுஞ்சாலையோரப் பொறியியல் கல்லூரி மாணவர் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஆட வேண்டும். கூப்பிடு தூரத்திலுள்ள கலைக் கல்லூரி மாணவர் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்கு ஆட வேண்டும். ஒரே ஊரில் வளர்ந்து ஒரே மைதானத்தில் பழகிய இரண்டு பேர் சேர்ந்து ஒரு அணியில் நிற்க வழியில்லை.

கேரளத்துக் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1968-ல் தொடங்கிய அது அகில இந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்துப் பட்டத்தைப் பலமுறை வென்றிருக்கிறது. கேம்ப்பில் ஏதோ மாயம் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். அதன் கல்லூரிகள் மலப்புறம், கோழிக்கோடு, திருச்சூர், பாலக்காடு பகுதிகளில் இருக்கின்றன. மழை விட்டதும் அங்கே வயல்வெளிகளிலும் தற்காலிக மைதானங்களிலும் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்கள் தொடங்கிவிடும்; கோடை முடியும்வரை ஓயாது. பல்கலைக்கழகச் சட்டையைப் போடும்போதே அந்தப் பையனின் கால்கள் ஏராளமான ஆட்டங்களைப் பார்த்திருக்கும். நமக்கு அந்தச் செவன்ஸ் மரபு கிடையாது. ஆகவே அந்த ஆட்டங்களை நாம்தான் உண்டாக்க வேண்டும். நம் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் கால்பந்துக்குச் செய்யக்கூடிய முதல் வேலை இதுதான் என்று நம்புகிறேன்.

இப்போது டிவிஷன். ஐ-லீக் மூன்றாம் டிவிஷனில் சேர்ந்துவிட்டால் பெயர் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். 2023-ல் தொடங்கிய ஐ-லீக் 3, மாநில லீக்குகளிலிருந்து வரும் அணிகளுக்கான படி. அதற்கு மேலே ஐ-லீக் 2, ஐ-லீக், உச்சியில் இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐ.எஸ்.எல். கீழே மாவட்ட, மாநில லீக்குகள். ஐ-லீக் 3-க்குப் போனால் வெளிமாநிலப் பயணம், முழுநேரப் பயிற்சியாளர், உரிம விதிகள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அட்டவணையோ நம் செமஸ்டரைக் கேட்டுக்கொண்டு வராது. கடைசியில் என்ன நடக்கும்? வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, பெயருக்கு ஒரு படிப்பில் சேர்த்து, ஆட வைப்பார்கள். உங்கள் வகுப்பிலிருக்கும் பையன் கேலரியில் உட்கார்ந்து கை தட்டுவான். அதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு?

மேலே தாவிப் போனவர்கள் கதையும் நம் கண்முன்னேதான் நடந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. 2016 டிசம்பரில் ஐ-லீக்கில் நேரடி இடம் பெற்றது. பிறகு கோவை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து, 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று இந்தியாவின் ஐ-லீக் சாம்பியனே ஆனது. அந்த வெற்றியை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் 2020-21 பருவத்தோடு ஐ-லீக்கில் அந்தப் பெயர் இல்லாமல் போயிற்று. உச்சியிலுள்ள ஐ.எஸ்.எல். கூட 2025-ல் உரிமை ஒப்பந்தச் சிக்கலால் குறித்த காலத்தில் தொடங்க முடியாமல் நின்றது. அந்த மாடியில் இடம் பிடிப்பதற்காக ஒரு கல்வி நிறுவனம் தன் பணத்தைக் கொட்டுவதை என்னால் ஆதரிக்க முடியாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எந்த டிவிஷன் என்பது ஒவ்வொரு நிர்வாகமும் உட்கார்ந்து விவாதிக்கும் விஷயம். அவர்கள் ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம். இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். சிகாகோ பல்கலைக்கழகம் அங்கே பெரும் பலத்தோடு இருந்த அணி. சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை 1935-ல் முதன்முதலாகப் பெற்ற ஜே பெர்வாங்கர் அதன் மாணவர். அப்படிப்பட்ட இடம் 1939-ல் ஃபுட்பாலையே நிறுத்தியது. 1969-ல் ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று ஆடுவது மூன்றாம் டிவிஷனில். விளையாட்டுக்காக உதவித்தொகை தரக் கூடாது என்ற விதியுள்ள டிவிஷன் அது. அங்கே ஆடுகிறவர் முதலில் மாணவர். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

நம் ஊருக்கு வருவோம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சேலம், ஆத்தூர், எல்லாம் காலையில் கிளம்பி ஆடிவிட்டு இரவுக்குள் விடுதிக்குத் திரும்பக்கூடிய தூரம். எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று பார்க்காமல் 8 கல்லூரிகளைச் சேர்த்து ஒரு லீக் நடத்தினால், சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று என்று ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டங்கள். மொத்தம் 56. ஜூலையில் தொடங்கி, ஐப்பசி மழைக்கும் நவம்பர் தேர்வுக்கும் முன் பாதியை முடிக்கலாம். மீதியைப் பொங்கல் கழித்து மார்ச்சுக்குள் ஆடிவிடலாம். ஏப்ரல் வெயிலில் யாரையும் ஓடவிட வேண்டாம். முழு அளவு மைதானம் 105 மீட்டருக்கு 68 மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் ஏக்கர். ஓரம் விட்டால் இரண்டு ஏக்கரைத் தாண்டும். நம் பக்கத்துக் கல்லூரிகளில் பலவற்றுக்கு இடம் பஞ்சமில்லை. தண்ணீர்தான் பஞ்சம். புல் பிடிக்காத இடத்தில் செம்மண்ணைச் சமப்படுத்தி, கல் பொறுக்கி, ஆடலாம். மண் தரை என்று வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் முதலுதவி தெரிந்த ஒருவரும், தகுதி பெற்ற நடுவரும், ஆம்புலன்ஸ் வர வழியும் இல்லாமல் ஒரு ஆட்டம்கூட நடக்கக் கூடாது.

பெண்கள் அணியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, தம்பி. அது என்னை வருத்தியது. தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு 2018-ல் மணிப்பூரையும் 2023-ல் ஹரியானாவையும் வென்று எடுத்தது. 2016-ல் தொடங்கிய மதுரை சேது எஃப்.சி., 2019-ல் இந்திய மகளிர் லீக் சாம்பியன். அந்த லீக்கின் முதல் பருவத்திலேயே, 2017-ல், இறுதிச் சுற்றின் ஆறு அணிகளில் ஒன்று ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியல் கல்லூரி ஒன்றின் பெண்கள் நாட்டின் உச்ச லீக்கில் ஆடியிருக்கிறார்கள். தமிழ்நாடு எங்கே பலமாக இருக்கிறது என்று இதற்கு மேல் காட்ட வேண்டுமா? மைதானத்தை முதல் நாளே இரண்டு அணிக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சாயங்கால நேரம் முழுக்க ஆண்களுக்கு, பெண்களுக்கு விடியற்காலை என்று ஒதுக்கினால், விடுதியில் இல்லாமல் ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் ஆடவே முடியாது.

வீட்டில் கேட்கும் கேள்வியும் எனக்குத் தெரியும்: இதில் வேலை கிடைக்குமா? தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு உண்டு. ஆனால் அது சிலருக்கே கைகூடும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்குப் பட்டம் கையில் இருக்க வேண்டும். கீழ்ப்படியில் ஆடினால் அந்தப் பட்டம் தவறாது. இந்த லீக் சில வருடம் தடையில்லாமல் நடந்த பிறகு, அதிலிருந்து ஒரு அணியை மாவட்ட, மாநில லீக்குக்கு அனுப்புங்கள். அப்போது மேலே போக வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநரைப் பார்த்து, போன வருடம் நம் கல்லூரி அணி மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடியது என்று கேளுங்கள். அக்கம்பக்கத்துக் கல்லூரிகளிலும் கேட்டு, பெண்கள் அணிக்குத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை எனக்கு அனுப்புங்கள்; கோரிக்கை மனுவை நாம் சேர்ந்தே எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்